மாரியும் மரியாவும்: குழந்தைப் பெயர் ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டிய அனுபவம்

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை, ஐரிஷ் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக் காட்டும் வசதிக்காக. மீதி இரண்டு எதற்கு, போன இரண்டரை எங்கே போனது என்பதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். குழந்தை பிறந்த வீட்டில் இப்போது பஞ்சாங்கத்துக்கு முன்னால் கைக்கு வருவது போன்தான், போனில் இந்த மாதிரி ஒரு ஆப்தான். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பிள்ளைக்கு ஆயுசு முழுக்கச் சொல்லித் தருகிறோம், "உன் பேருக்கு அர்த்தம் இதுடா கண்ணு" என்று.

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சந்தா கட்டுவதற்கு முன் இலவசமாகக் கிடைக்கும் நாலைந்தையும் இறக்கிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஒரே பட்டியல், ஒரே பொருள், ஒரே தப்பு. ஒன்றை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை. நான் காசு கட்டியதற்கு ஒரு வருடத்துக்கு 399 ரூபாய், நிபுணரோடு 20 நிமிடம் பேச வேண்டுமென்றால் தனியாக 750. இரண்டையும் கட்டினேன்.

நாங்கள் கோத்தகிரிப் பக்கம். போன ஐப்பசியில், மேட்டுப்பாளையம் மலை ரயிலை மண்சரிவால் நிறுத்தி வைத்திருந்த ஒரு வாரத்தில், குன்னூரில் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி முப்பதாம் நாள் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது அத்தை. அதாவது நான். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் ஒரு சின்னக் காதில் போய் ஒரு சொல்லைப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு பாடு.

எங்கள் அம்மா மாரியம்மாள். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தம்பி கட்டியிருப்பது குன்னூர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணை. அவள் அம்மா மரியம்மாள். வருடம் தவறாமல் ஊட்டி காந்தல் குருசடிக்குப் போகிறவர். எங்கள் அம்மா அதே மாதிரி குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிறவர். சம்பந்திகள் இரண்டு பேரும் நல்ல சிநேகிதம். பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி கதவைத் திறந்து, கையிலிருந்த நோட்டைப் பார்த்து, "மாரியம்மாள் யாரு, உள்ள வாங்க" என்றதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். நோட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆங்கில எழுத்தில் மாரியம்மாளுக்கும் மரியம்மாளுக்கும் வித்தியாசமே கிடையாது. ஒரு கால்தான் வித்தியாசம், அந்தக் கால் ஆங்கிலத்தில் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்தபடியே ஆப்பில் முதலில் தேடியது 'மாரி'யைத்தான். இரண்டு பாட்டிகளையும் சேர்த்து ஏதாவது கிடைக்காதா என்ற ஆசை. ஒரே ஒரு பதிவு வந்தது. எபிரேய மொழி, பொருள்: கசப்பு. அவ்வளவுதான்.

எங்கள் அம்மாவிடம் போய் "உங்க பேருக்குக் கசப்புன்னு போட்டிருக்கும்மா" என்று எப்படிச் சொல்வது? மாரி என்றால் மழை. மாரிக்காலம், கார்மாரி, மும்மாரி, இதெல்லாம் தமிழ் படித்த குழந்தைக்குத் தெரியும். சம்பந்தியம்மாவின் பெயருக்காவது அது சரியா என்றால், அதுவும் பாதி. மரியாள் என்ற பெயரின் மூலமான மிரியாமுக்கு அறிஞர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள்: கசப்பு, எதிர்த்து நிற்பது, விரும்பிப் பெற்ற குழந்தை, எகிப்திய மொழியில் அன்புக்குரியவள். முடிவு செய்யப்படாத விஷயம் அது. ஆப் அதில் ஒன்றை எடுத்து, முடிந்த முடிவாக, இரண்டு பாட்டிகளின் தலையிலும் சேர்த்துக் கட்டிவிட்டது.

இந்தக் கோளாறின் வேர் எழுத்தில் இருக்கிறது. உள்ளே எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள், தமிழ் எழுத்து மேலே பூசிய வண்ணம். அரன் என்று தேடினாலும் அரண் என்று தேடினாலும் ஒரே பக்கம்தான், சிவன் பெயரும் கோட்டை மதிலும் ஒன்றாகக் கிடக்கின்றன. நிலாவுக்குப் பொருள் 'நீல நிறம்'. அது நீலாவுக்கு உரியது, சமஸ்கிருதம். கனியும் கணியும் ஒன்று. ழ என்ற எழுத்து வந்தாலே தடுமாற்றம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலைக்கு எடை போட்டு, பெயருக்கு நேரே கிலோ எழுத வேண்டும். இந்த மலையில் எத்தனை விதமான பெயர் உண்டோ அத்தனையும் என் பேரேட்டில் இருக்கும். சரி, ஆப்பைச் சோதிக்க இதைவிட நல்ல பட்டியல் எங்கே கிடைக்கும் என்று, மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்தேன். இதுதான் இந்த விமர்சனத்தின் அடிப்படை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியப் பெயர்கள், பைபிள் பெயர்கள், அரபிப் பெயர்கள், இந்த மூன்றும் பெரும்பாலும் சரி. ஆயிஷா, உயிரோடு வாழ்பவள். ஃபாத்திமா, பால் மறக்கச் செய்பவள். டெபோரா, தேனீ. ரேச்சல், பெண் ஆடு. ஐசக், சிரிப்பவன். தாமஸ், இரட்டையரில் ஒருவர், அராமிய மொழி. மைக்கேல் என்பது ஒரு கேள்வி என்று எனக்கு இதில்தான் தெரிந்தது: 'கடவுளுக்கு நிகர் யார்?' மார்கரெட் கிரேக்க வழியில் முத்து. ரீட்டா அதே பெயரின் கடைசித் துண்டு, ஆக அவளும் முத்து. எங்கள் பேரேட்டில் முத்தம்மாளும் ரீட்டாவும் அடுத்தடுத்த வரியில் இருக்கிறார்கள், இனி அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் ஒரு சந்தோஷம். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் வர்க்கீஸ் ஜார்ஜின் மலையாள வடிவம், ஜார்ஜ் கிரேக்கத்தில் உழவர். இலை விற்கிற மனுஷருக்கு எவ்வளவு பொருத்தம்!

கண்ணேரிமுக்கில் பங்களா கட்டிய கலெக்டர் ஜான் சல்லிவன் பெயரையும் விட்டு வைக்கவில்லை. சல்லிவன் ஐரிஷ் குடும்பப் பெயர், அதில் கண் என்ற சொல் இருக்கிறது, கருங்கண்ணன் என்பது வழக்கமான விளக்கம். ஒற்றைக்கண்ணன் என்றும் சொல்வார்கள் என்று ஆப்பே கீழே குறிப்பு போட்டிருக்கிறது. பாருங்கள், ஐரிஷ் பெயருக்கு 'இப்படியும் சொல்வார்கள்' என்று இரண்டு விளக்கம் கொடுக்கத் தெரிகிறது. மரியாவுக்கும் மாரிக்கும் அந்த மரியாதை இல்லை.

உச்சரிப்பு வசதியும் அருமை. எழுத்தைப் பார்த்தால் ஒரு மாதிரியும் சொன்னால் வேறு மாதிரியும் இருக்கும் ஐரிஷ் பெயர்களை ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லிக் காட்டுகிறது. ஷிவோன் என்ற பெயர் ஜானின் பெண்பால், 'கடவுளின் அருள்'. ஸீர்ஷா என்றால் சுதந்திரம். சிக்னல் இல்லாத தோட்டத்துப் பக்கங்களிலும் ஆப் வேலை செய்கிறது. கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பிடித்ததைக் குறித்து வைத்தால் இருவருக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக் காட்டுகிறது, தம்பி வீட்டில் அதனால் ஒரு சண்டை குறைந்தது.

இனி கிறிஸ்தவத் தமிழ்ப் பெயர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, கூடவே பெரிய வியப்பும். சம்பந்தியம்மாவின் அண்ணன்மார் மூன்று பேர்: அருளப்பன், சின்னப்பன், ராயப்பன். மூன்றையும் போட்டேன், மூன்றுக்கும் 'முடிவுகள் இல்லை'. வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே சம்பந்தியம்மா சொன்னார்: "அருளப்பர்னா ஜான், சின்னப்பர்னா பவுல், ராயப்பர்னா பேதுரு. எங்க அப்பா மூணு அப்போஸ்தலரையும் வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சுட்டாரு." ஜான் என்பதன் மூலப்பெயர் யோவான், அதன் பொருளில் அருள் இருக்கிறது, ஆகவே அருளப்பர். பவுல் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். பேதுரு கிரேக்கத்தில் பாறை, தெலுங்கில் ராயி என்றால் கல், ஆகவே ராயப்பர். ஒலியை அப்படியே இழுத்து வராமல் பொருளைப் பிடித்து நம் பக்கத்துச் சொல்லில் ஊற்றியிருக்கிறார்கள் அந்தக் காலத்துப் பாதிரிமார்கள். பெயரின் பொருளை விற்கிற ஒரு ஆப்புக்கு இதைவிடப் பொக்கிஷம் என்ன வேண்டும்? ஒரு வரி இல்லை.

சவரிமுத்துவும் அப்படித்தான். சேவியர் என்ற பெயருக்கு ஆப் சரியாகவே போட்டிருக்கிறது: பாஸ்க் மொழியில் 'புது வீடு', ஸ்பெயினின் நவார் பகுதியில் இருக்கும் ஒரு ஊரின், கோட்டையின் பெயர். பிரான்சிஸ் சேவியர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார், சவேரியார் ஆனார், சவேரியோடு முத்து சேர்ந்து சவரிமுத்து ஆனது. ஸ்பெயினின் மலை ஊர் ஒன்றும் தூத்துக்குடிக் கடலும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. எங்களுக்கு இலை கொண்டுவரும் சவரிமுத்து அண்ணனிடம் இதைச் சொன்னபோது, சாக்கைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்று முழுக்கக் கேட்டார். "இத்தன வருசம் சவரிக்கு அர்த்தம் கேட்டு யார்கிட்டயும் பதில் கிடைக்கலம்மா" என்றார்.

அப்புறம் இந்த மலைக்கே உரிய பெயர்கள். 'படுகர்', 'தோடர்', 'கோத்தர்', எந்தத் தலைப்பும் ஆப்பில் இல்லை, பழங்குடி என்ற பொதுத் தலைப்புகூட இல்லை. பெள்ளி என்று போட்டால் பிரெஞ்சு 'பெல்'லுக்குப் போகிறது, அழகி என்று பொருள் சொல்கிறது. என்னோடு வேலை செய்யும் படுகத் தோழி சிரித்துவிட்டு, "பெள்ளின்னா வெள்ளி, உங்க வ-வுக்கு எங்க ப, இதுக்கு எதுக்கு பிரான்ஸ் போகணும்?" என்றாள். மலை ரயிலோடு சேர்த்துப் பேசப்படும் ராவ் பகதூர் பெள்ளி கௌடர் பெயரில் இருப்பது அதே வெள்ளிதான். பேரகணியில் பண்டிகை எடுக்கிற படுகர் தெய்வம் ஹெத்தையின் பெயருக்குப் பாட்டி என்று பொருள். இதையெல்லாம் தெரிந்துகொள்ள வழியில்லை என்றும் சொல்ல முடியாது. தோடர்களின் ஆட்பெயர்களைப் பற்றி மொழியியலாளர் எமெனோ 1938-லேயே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார், இந்த மலையிலேயே தங்கி, கேட்டு எழுதியது. எண்பது வருஷத்துக்கு மேலாக அச்சில் இருக்கும் விஷயம்.

இந்துப் பெயர்கள் என்ற பகுதிதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் திறப்பது, அதுதான் இருப்பதிலேயே நம்ப முடியாத பகுதி. ஆரவ் என்ற பெயருக்கு 'அமைதியானவன்' என்று போட்டிருக்கிறது. சமஸ்கிருதத்தில் ஆரவம் என்றால் ஓசை, கூச்சல். மோனியர் வில்லியம்ஸின் 1899 அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆரவ் என்று பெயர் வைத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம், வீட்டில் பிள்ளையின் சத்தம் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் ஓசையை அமைதி என்று காசு வாங்கிக்கொண்டு சொல்வது தப்பு. மைரா இந்தப் பகுதியில் 'அன்புக்குரியவள், சமஸ்கிருதம்' என்று இருக்கிறது. ஃபுல்க் கிரெவில் என்ற ஆங்கிலக் கவிஞர் சுமார் 400 வருஷத்துக்கு முன் தன் காதல் கவிதைகளுக்காக உண்டாக்கிய பெயர் அது. கியாராவும் இங்கேதான் இருக்கிறது. இத்தாலிய வழி என்றால் ஒளி, ஐரிஷ் வழி என்றால் கருநிறம், சமஸ்கிருத வழி கிடையாது. கவினுக்கு 'கெவின் என்பதன் இந்திய வடிவம்' என்ற விளக்கம். கவின் தமிழில் அழகு. கெவின் என்ற ஐரிஷ் பெயரிலும் அழகு, அன்பு என்று பொருள் தரும் சொல் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகப் பிறந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தற்செயலாக நேர்ந்த இந்த அழகை அப்படியே சொல்லியிருந்தால் கூட ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

எங்கள் பாட்டியின் பெயர் குப்பாயி. அம்மாவின் அம்மா. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் லயத்திலேயே இறந்து போயின. நாலாவது பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்து லயத்து அம்மாவிடம் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, குப்பாயி என்று பெயர் வைத்தார்களாம். எமன் வந்து பார்த்தால் 'இது குப்பை, யாருக்கோ சொந்தம்' என்று விட்டுப் போகட்டும் என்று. அந்தக் குழந்தை பிழைத்தது, எண்பது வயது வரை இருந்தது, அதனால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குப்பு, குப்பன், பிச்சை, பிச்சையம்மாள், எந்தப் பெயரும் ஆப்பில் இல்லை. இது நம் ஊர் வழக்கம் மட்டுமா என்றால் அதுவும் கிடையாது. மங்கோலியாவில் நெர்குய் என்று பெயர் வைப்பார்கள், பொருள் 'பெயரில்லாதவர்'. எனெபிஷ் என்றால் 'இது அல்ல'. கெட்ட ஆவி வந்து தேடினால் ஏமாந்து போக வேண்டும். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் மாலோமோ என்ற பெயர் உண்டு, 'இனிமேல் போகாதே' என்று குழந்தையிடம் கெஞ்சுவது. மங்கோலியத் தாயும் யொரூபாத் தாயும் எங்கள் லயத்துப் பாட்டியின் தாயும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பயம் ஒன்று, தந்திரம் ஒன்று.

உலகப் பெயர்கள் என்று தலைப்பு வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் என்ன பயன்? ஆப்பில் எல்லாப் பெயரும் அழகு, ஒளி, செல்வம், நட்சத்திரம், தேவதை. அழுதுகொண்டே வைத்த பெயருக்கு இடமில்லை. போதும்பொண்ணு என்ற பெயரும் நம் பேரேட்டில் இருக்கிறது, அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று ஐந்தாவது பெண்ணுக்கு வைத்தது. அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் அன்றைக்கு எனக்குக் கணக்கு ஓடவில்லை.

பெயர் வைக்கும் முறைகளைப் பற்றி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, அது நன்றாகவே இருக்கிறது, இன்னும் நீளமாக இருந்திருக்கலாம். பாலித் தீவில் முதல் பிள்ளை வாயன், இரண்டாவது மடே, மூன்றாவது ஞோமன், நாலாவது கெதுத், பிறந்த வரிசைதான் பெயர். கானாவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைப்பார்கள். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் கோஃபி, வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். அன்னான் என்றால் நாலாவது பிள்ளை. ஐஸ்லாந்தில் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பார்கள், நம் இனிஷியல் மாதிரியேதான். அங்கே புதுப் பெயர் வைக்க 1991 முதல் ஒரு குழுவே இருக்கிறது.

நட்சத்திர எழுத்து விஷயத்தை அம்மாவுக்காகப் பார்த்தேன். குழந்தை திருவாதிரை, மூன்றாம் பாதம். அதற்கு எழுத்து 'ங'. ங-வில் தொடங்கி என்ன பெயர் வைப்பது? ஆப் 'பொருத்தமான பெயர்கள் 0' என்று காட்டி, கீழேயே நிபுணரோடு பேசும் பொத்தானை வைத்திருந்தது. 750 ரூபாய் போனது இப்படித்தான். அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ங-வுக்கு நான் எங்க போவேன், மழ பெய்யுற நாள்ல பொறந்தவ, அதப் பாத்து வையுங்க" என்று முடித்துவிட்டார். எண்கணிதப் பகுதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஆங்கில எழுத்தைக் கூட்டி ஒரு எழுத்தை இரண்டாக்கச் சொல்கிறது, நான் அதை நம்புகிறவள் இல்லை.

அம்மா சொன்ன அந்த மழைதான் வழி காட்டியது. மாரி என்ற பெயரையே வைக்கத் தம்பி மனைவிக்குக் கொஞ்சம் தயக்கம், தன் அம்மாவின் பெயரோடு குழம்பும் என்று. சரி, மழைக்கு வேறு சொல் பார்க்கலாம் என்று தேடியதில் எழிலி கிடைத்தது. ஆப்பில் எழிலிக்கு 'அழகிய பெண்'. எனக்கோ பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இடித்தது. குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் வருகிற எழிலி, கடலே வற்றும் என்று சொல்கிற இடத்தில் வருகிற எழிலி, அழகிய பெண்ணாக எப்படி இருக்க முடியும்? மேகம் அல்லவா? கிளை நூலகத்துக்குப் போய் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைக் கேட்டேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பழுப்பேறிய தாளில் விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். எழிலி, மேகம். வீட்டுக்கு வந்ததும் மகன், அதே பேரகராதியும் பர்ரோ–எமெனோ திராவிட வேர்ச்சொல் அகராதியும் இணையத்திலேயே இலவசமாக இருப்பதைக் காட்டினான். 399 ரூபாய்க்கு முன்னால் இதைக் காட்டியிருக்கலாம் என்று அவனை ஒரு வார்த்தை சொன்னேன். தோடர் பெயர்களைப் பற்றி எழுதிய அதே எமெனோதான் அந்த அகராதியைச் சேர்ந்து எழுதியவர்.

நிபுணரோடு பேசும்போது எழிலியைக் கேட்டேன். அவரும் "பியூட்டிஃபுல் கேர்ள் மேடம், லக்கி நேம்" என்றார். குறளைச் சொன்னதும் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "எழுதி அனுப்புங்க, மாத்திடறோம்" என்றார். அனுப்பினேன். மூன்று வாரத்தில் உண்மையாகவே மாற்றிவிட்டார்கள், இப்போது 'மழை மேகம், தமிழ்' என்று இருக்கிறது. அதற்காகத்தான் இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று.

பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. '21 நாளுக்குள் பெயரை முடிவு செய்யுங்கள்' என்று ஆப் தினமும் ஒரு செய்தி அனுப்பிக் கலவரப்படுத்தும். பிறப்பைப் பதிவு செய்யத்தான் 21 நாள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆற அமரத் தேடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால், தமிழில் ஒரு கால் விடுபட்டிருக்கிறதா, ல-வா ள-வா ழ-வா என்று நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆங்கிலத்தில் ழ-வை எப்படி எழுதினாலும் வெளியூரில் யாராவது தப்பாகத்தான் கூப்பிடுவார்கள். அதற்காக ழ-வை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று தம்பி கேட்டபோது, தம்பி மனைவிதான் "வேண்டாம் அண்ணி, அவளே சொல்லிக் கொடுத்துக்குவா" என்றாள்.

மூன்றாம் மாதம் சான்றிதழில் எழிலி மரியா என்று சேர்த்தோம். மழை ஒரு பாட்டிக்கு, மரியா ஒரு பாட்டிக்கு. காதில் சொன்ன அன்று மூன்று முறையும் ழ சுத்தமாக வர வேண்டுமே என்று முந்தின இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, இரண்டாவது முறை சொன்னபோது மூக்கைச் சுருக்கினாள். இரண்டு பாட்டிகளும் தலைமாட்டில் ஆளுக்கொரு பக்கம்.

யாருக்கு இந்த ஆப் உதவும்? பைபிள் பெயரோ அரபிப் பெயரோ ஐரோப்பியப் பெயரோ பார்க்கிறவர்கள் இலவசப் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம், பிடித்ததைக் குறித்து வைக்கவும் போதும். தமிழ்ப் பெயர், சமஸ்கிருதப் பெயர் என்றால் இதில் பெயரை மட்டும் பொறுக்கிக்கொண்டு, பொருளை அகராதியில் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள், என் பேரேட்டில் பாதிப் பெயருக்குப் பொருள் அப்படித்தான் கிடைத்தது. சந்தா கட்டினால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதை முதல் நாளே நிறுத்தி வையுங்கள்.

என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. திருத்தம் அனுப்பும் வசதி இலவசப் பதிப்பிலும் இருக்கிறது. மாரியின் பக்கத்தில் இன்னும் 'கசப்பு' என்றுதான் இருக்கிறது, நேற்று மூன்றாவது முறையாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.